தேவகி அத்தையும் இடுப்பு வைத்த பெட்டியும்

கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதீர்கள். பட்டறையில் ஒருவர் படித்ததும் அடுத்தவர் கையில் கொடுங்கள், அதோடு போதும். வெளியே போகக் கூடாது. முக்கியமாக என் அப்பா கண்ணில் படக் கூடாது. எங்கள் வீட்டில் இப்போது தேவகி அத்தையின் பெயரைச் சொல்லலாம், அழலாம், சாப்பிடாமல் படுத்துக்கொள்ளலாம். கிதார் என்ற சொல்லை மட்டும் எடுக்கக் கூடாது. நானோ அந்தச் சொல்லைத்தான் இந்த ராத்திரி முழுக்க எழுதப்போகிறேன். விளக்கைப் போடவில்லை. போர்வைக்குள் செல்போன் வெளிச்சம். கை நடுங்குகிறது. பயத்தினால் மட்டும்தான் நடுங்குகிறது என்று சொல்ல முடியாது.

விடிந்ததும் பால் வாங்கப் போகிற சாக்கில் இதை நம் பட்டறை ஏழுமலை மேஸ்திரி வீட்டில் கொடுத்துவிடுவேன். நாளைக்கு அத்தைக்குக் காரியம். அத்தை பிறந்த மணலூர்பேட்டையில், பெண்ணையாற்றங்கரையில் நடக்கிறது. எங்கள் பக்கத்தில் இறந்தவர் புழங்கிய பாய், தலையணை, துணிமணிகளைக் காரியத்தன்று ஆற்றோடு விட்டுவிடுவார்கள். அவற்றோடு அத்தை செய்த கிதாரையும் தண்ணீரில் விடுவதென்று அப்பா முடிவு செய்திருக்கிறார். அது போய்விடக் கூடாது. பட்டறையில் அத்தையோடு வேலை செய்த நீங்கள் எல்லாரும் ஆற்றங்கரைக்கு வந்து அப்பாவிடம் பேச வேண்டும். நான் சொல்லி வந்ததாக மட்டும் சொல்லாதீர்கள்.

செய்தி வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். ஆங்கிலப் பாடம். வெளியில் நல்ல மழை. ஆபீஸ் அண்ணன் வாசலில் வந்து நின்று, டீச்சரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். டீச்சர் என் பக்கம் திரும்பினார். எனக்கு உடனே கால் பரபரத்தது. ஏனென்றால் அன்று காலையில்தான் அத்தை, "சாயந்திரம் பலகையோட வர்றேன் பாரு, பெரிய பலகை, இந்த வாட்டி உனக்கு" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போயிருந்தார். எனக்குக் கிதார் செய்யப் பலகை வந்துவிட்டது, மழையில் நனையாமல் எடுத்து வைக்க என்னைக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டே பையைத் தூக்கினேன். நான் சிரித்ததைப் பார்த்து டீச்சர் அழுதுவிட்டார்.

மலைச்சாலை வளைவில் சரிந்து கிடந்த கல். மழை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். அத்தையைப் பற்றி எழுதுவதற்கு வேறு எவ்வளவோ இருக்கிறது.

உங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தேவகி அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்கள் வீட்டோடு இருந்தார். கள்ளக்குறிச்சியில் கோயில் வாகனமும் சாமி சிலையும் செய்கிற நம் மரச்சிற்பப் பட்டறையில் உப்புத்தாள் தேய்ப்பது அவர் வேலை. மேஸ்திரி உளியால் செதுக்கிய குதிரையின் கழுத்தை அத்தை தேய்த்துத் தேய்த்துத் தோல் மாதிரி ஆக்கிவிடுவார். அதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

கிதார் நம் பட்டறைக்கு வந்தது மலையிலிருந்து. வெள்ளிமலைப் பக்கத்து மாதா கோயிலில் பாட்டுக்கு வாசிக்கிற கிதாரில், கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. மரவேலைதானே என்று ஃபாதர் நம் பட்டறைக்குக் கொடுத்தனுப்பினார். அன்று எனக்கு லீவு. மேஸ்திரி அதை இப்படியும் அப்படியும் புரட்டியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாமா தேவகி இது, பொட்டிக்கு இடுப்பு வெச்சிக்கிறான்?"

"கொண்டா மேஸ்திரி. பொம்பள சமாச்சாரம், நான் பாக்குறேன்" என்றார் அத்தை.

எல்லாரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. செல்போன் விளக்கைக் கிதாரின் வட்டத் துளைக்குள் விட்டு ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு விரல் கணுவால் அதன் முகத்தை ஒவ்வோர் இடமாகத் தட்டினார். ஓரத்தில் ஒரு சத்தம், நடுவில் ஒரு சத்தம். "பாப்பா, இங்க வா. இதும் மூஞ்சி எவ்ளோ மெல்லிசு தெரியுமா? அப்பளம். அப்பளத்த இழுத்துப் புடிக்க உள்ள குச்சி குச்சியா ஒட்டிக்கிறான். இத மொதல்ல எவன்டி செஞ்சான்?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"படிக்கிற பொண்ணுதான நீ? கேட்டுக்கினு வா."

அப்படித்தான் ஆரம்பித்தது. பள்ளியில் கம்ப்யூட்டர் பீரியட் வரும்போதெல்லாம் நான் கிதாரின் கதையைத் தேடினேன். சாயங்காலம் பட்டறைக்குப் போய், மரத்தூள் மேல் உட்கார்ந்து, அத்தை உப்புத்தாள் தேய்க்கத் தேய்க்கச் சொன்னேன். நான் கொண்டுபோகிற எதையும் அத்தை சும்மா வாங்கிக்கொண்டதில்லை. ஒவ்வொன்றையும் கட்டையைத் தட்டுவது போலத் தட்டிப் பார்த்தார்.

முதலில் நான் கொண்டுபோனது ஒரு கல். இன்றைக்குத் துருக்கி இருக்கிற இடத்தில், மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு கற்சுவரில், ஒருவர் நின்றுகொண்டு கழுத்து நீண்ட ஒரு வாத்தியத்தை மார்பில் சாய்த்து வாசிக்கிறார். அதற்கு இடுப்பு இருக்கிறது. முகத்தில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கின்றன. படத்தைப் பார்த்து வரைந்துகொண்டு போயிருந்தேன். அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"கல்லுல செதுக்கிக்கிறான். அப்போ அதுக்கு முன்னாடியே மரத்துல செஞ்சிக்கினு இருந்தவன் ஒருத்தன் இருக்கான். அவன் செஞ்சது மக்கிப் போச்சி. பாத்து செதுக்கினவனுது நின்னுடுச்சி. நீ கண்டுபுடிச்சது ரெண்டாவது ஆள்தான் பாப்பா."

நான் தேடிய இடத்தில் யாரும் அதைச் சொல்லவில்லை.

அடுத்து பெயர். கிரேக்க நாட்டில் கிதாரா என்று ஒரு வாத்தியம் இருந்தது, ஆனால் அதற்குக் கழுத்தே கிடையாது, இரண்டு கொம்புக்கு நடுவில் நரம்பு கட்டியிருப்பார்கள், அந்தப் பெயர்தான் அரபு வழியாக ஸ்பெயினுக்கு வந்தது என்று படித்தேன். அத்தை, "பேரு ஒருத்தருது, ஒடம்பு இன்னொருத்தருதா? நம்ம ஊரு ரேஷன் கார்டு மாதிரி இருக்குது" என்றார். அரபுக்காரர்கள் ஸ்பெயினை ஆண்டபோது ஊத் என்ற வாத்தியத்தைக் கொண்டுவந்தார்கள் என்று சொன்னேன். பாதிப் பேரிக்காய் மாதிரி முதுகு உருண்டது. அத்தை உடனே காற்றில் ஒரு குழந்தையைத் தூக்குவது போலக் கையை வளைத்து வைத்துக்கொண்டு, "வழுக்கும். மடியில நிக்காது" என்றார். பிறகு ஒரு வாகனத்தின் வளைந்த கழுத்தைத் தொடையில் வைத்துக் காட்டினார். "இடுப்பு இருந்தா தொடையில ஒக்காரும். அதுக்குத்தான் பாப்பா இடுப்பு!"

அது சரியான காரணமா என்று எனக்கு இன்றும் தெரியாது. வில்லால் தேய்த்து வாசித்த காலத்தில் வில் இடிக்காமல் இருக்க இடுப்பு வந்தது என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். அதைச் சொன்னபோது அத்தை, "அவங்க எழுதினவங்க. நான் ஒக்காந்து பாத்தவ" என்றார்.

ஸ்பெயினில் ஒரே காலத்தில் இரண்டு வாத்தியங்கள் இருந்தனவாம். அரண்மனையில் வாசித்தது பெரியது, நரம்பு அதிகம். தெருவில் வாசித்த கிதார் சின்னது. நரம்பு நான்கே ஜோடி, அதுவும் ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்த நரம்பு. கொஞ்ச காலத்தில் அரண்மனை வாத்தியத்தைக் காணவில்லை. தெருவில் இருந்தது ஐந்தாவது ஜோடியைச் சேர்த்துக்கொண்டது. பிறகு ஜோடியை விட்டுவிட்டு ஒற்றை நரம்புக்கு வந்து, ஆறாவதையும் சேர்த்துக்கொண்டது. முடி வெட்டுகிற கடைகளில்கூட ஒரு கிதார் தொங்குமாம். காத்திருக்கிறவர்கள் எடுத்து வாசிப்பார்களாம்.

இதைக் கேட்டதும் அத்தைக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் ஸ்கூட்டியை நிறுத்தி, எங்கள் தெருமுனை சலூனுக்குள் தலையை நீட்டினார்.

"அண்ணே, உங்க கடையில ஏன் கிதார் மாட்டல?"

"இன்னாது?"

"வெளிநாட்டுல எல்லா சலூன்லயும் மாட்டிக்கிறாங்களாம். எங்க பாப்பா படிச்சிக்கினு வந்திருக்குது."

"ஏம்மா, இருக்கிற டிவிய பாத்துக்கினே பாதிப் பேரு எழுந்துக்க மாட்றான். கிதாரு வேற மாட்னா நான் எங்க வெட்றது?"

அத்தை வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினார். எனக்குப் பின்னால் உட்கார பயமாக இருந்தது.

ஆட்டுக்குடல் விஷயம் அத்தைக்கு ரொம்பப் பிடித்திருந்தது. உலகப்போர் சமயத்தில், காயம் தைக்க வேண்டும் என்று குடல் நரம்பையெல்லாம் ஆஸ்பத்திரிகளுக்கு எடுத்துக்கொண்டார்களாம். கிதார்காரர்கள் நரம்பு இல்லாமல் தவித்தார்களாம். அப்புறம்தான் நைலான் வந்தது. அத்தை இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் உப்புத்தாளையும் நிறுத்திவிட்டார். "குடுத்துட்டாங்க பாரு. கேட்டதும் குடுத்துட்டாங்க" என்று மட்டும் சொன்னார்.

மாதா கோயில் கிதாரை ஒட்டித் திருப்பிக் கொடுத்த பிறகும் அத்தையால் சும்மா இருக்க முடியவில்லை. "நம்மளே ஒண்ணு செய்யலாம் மேஸ்திரி" என்றார். மேஸ்திரி முறைத்தார். ஆனால் மறுநாளே வாகைக் கட்டை ஒன்றை ஒதுக்கி வைத்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அது வளர்ந்தது. நீங்கள் எல்லாருமே அதில் கை வைத்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? உங்கள் எல்லாருக்கும் தெரிந்தது சாமி செய்யத்தான். அதனால் கிதாரையும் சாமி மாதிரியே செய்தீர்கள். ஒரே கட்டையில் உருவம் எடுத்தீர்கள். பின்பக்கமாகக் குடைந்து, பலகை போட்டு மூடினீர்கள். முகத்தில் மேஸ்திரி ஒரு கொடி செதுக்கினார். கொடி நிறையப் பூ. பூ நடுவில் ஒரு கிளி. அந்தக் கிளியின் மூக்கு எவ்வளவு அழகு!

துளை மட்டும் போடவில்லை. கடைசியில்தான் போட வேண்டும் என்று மேஸ்திரி பிடிவாதமாக இருந்தார். நம் பட்டறையில் எந்தச் சிலைக்கும் கண்ணைக் கடைசியில்தானே திறப்பார்கள்? "இதுக்கு அதான் கண்ணு" என்றார். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கற்பூரம் ஏற்றி, எதிரே கண்ணாடி வைத்து, மேஸ்திரி கிதாருக்குக் கண் திறந்தார். மூடிய பெட்டியில் துளை போட்டால் என்ன ஆகும்? குடைந்த சில்லெல்லாம் உள்ளே விழுந்தது. கிதாரைத் தலைகீழாகப் பிடித்து எல்லாரும் முறை வைத்துக் குலுக்கினீர்கள். எவ்வளவு குலுக்கியும் ஒரு சில்லு உள்ளேயே இருந்து கடகடவென்றது. அப்புறம் கம்பி கட்டி, அத்தை பெருவிரலால் ஓர் இழுப்பு இழுத்தார்.

தொப்.

"இன்னா தேவகி, அம்மிக்குக் கம்பி கட்டின மாதிரி இருக்குது?" என்று யாரோ சொன்னீர்கள். யார் என்று எழுத மாட்டேன், மேஸ்திரிக்குத் தெரியும். பட்டறையே சிரித்தது. மேஸ்திரி மட்டும் கிளியைத் தடவிக்கொண்டு, "பாக்கறதுக்கு நல்லாத்தான இருக்குது. ஷோரூம்ல மாட்டலாம்" என்றார். எல்லாரும் அதுதான் சரி என்றீர்கள். விஷயம் அதோடு முடிந்துபோனது.

அத்தை என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, அந்த ஸ்பெயின்காரன் இன்னா செஞ்சான்னு சரியா கேட்டுக்கினு வா."

நான் கேட்டுக்கொண்டு வந்தேன். இப்போது நாம் பார்க்கிற கிதாரின் வடிவத்தை நிறுத்தியவர், நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஸ்பெயினில் இருந்த ஒரு தச்சர். அவர் உடம்பைப் பெரிதாக்கினார். முகத்தை மெலிதாக்கி, உள்பக்கம் விசிறி விரித்த மாதிரி குச்சிகளை ஒட்டினார். சத்தம் எல்லாம் முகத்தில்தான் இருக்கிறது என்று அவர் சொன்னபோது யாரும் நம்பவில்லை போல. அதனால் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, முகத்தை மட்டும் மரத்தில் வைத்து ஒரு கிதார் செய்து காட்டினாராம்.

"அட்டையிலயா?" அத்தை எழுந்து நின்றுவிட்டார். "அட்டையில செஞ்சும் பேசுச்சா?"

"பேசுச்சாம் அத்தே."

அத்தை இழைப்புளியை எடுத்தார். வாகைக் கிதாரை மடியில் கிடத்தினார். கிளியின் மேல் இழைப்புளியை வைத்து ஒரே தள்ளு. மேஸ்திரி டீ குடித்துவிட்டு உள்ளே வரும்போது கிளியின் மூக்கு சுருளாகக் கீழே கிடந்தது.

"அடிப்பாவி!"

"மேஸ்திரி, கோச்சிக்காத. உன் கிளி இதோட வாய அடைச்சிக்கினு ஒக்காந்திருந்துச்சி."

அதற்குப் பிறகு ஒரு வாரம் மேஸ்திரி அத்தையோடு பேசவில்லை. தேய்க்க வேண்டியதை என் கையில் கொடுத்து அனுப்புவார். "அந்தம்மாகிட்ட சொல்லு, குதிர வால் இன்னும் சொரசொரன்னு இருக்குதுன்னு." அந்தம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

வாகை முகம் எவ்வளவு இழைத்தாலும் சரிவரவில்லை. கனமான மரம். அத்தை முகத்தை முழுவதுமாக அறுத்து எடுத்துவிட்டார். லேசான மரம் வேண்டும், நன்றாகக் காய்ந்த மரம் வேண்டும். மாதா கோயில் ஃபாதர் சொன்னதைக் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனோம். அப்பா ஓட்டுகிற குட்டியானை லோடு வண்டியிலேயே மூவரும் போனோம். கச்சிராயபாளையம் தாண்டி ஏற ஏற அப்பா பாடிக்கொண்டே ஓட்டினார். அவர் பாடி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மலையில் ஒரு வீட்டில் பழைய பரணைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். மலைவேம்புப் பலகைகள். அடுப்புக்கு மேலேயே இருந்து வருஷக்கணக்காகப் புகை குடித்தவை. அத்தை ஒவ்வொன்றாகக் காதுக்குப் பக்கத்தில் தூக்கித் தட்டினார். அந்த வீட்டு அம்மா சாமையைப் புடைத்துக்கொண்டே பார்த்தார்.

"ஏன்மா, பலகைய ஆருனா தட்டிப் பாத்து வாங்குவாங்களா? தேங்காயா அது?"

"தேங்காய்தாங்கா. தண்ணி இருக்குதான்னு பாக்குறேன்."

கரி பிடித்த ஒரு பலகையைத் தட்டியதும் அத்தை நிறுத்தினார். மறுபடி தட்டினார். என் காதில் வைத்துத் தட்டினார். வெண்கலப் பாத்திரம் மாதிரி, ஆனால் மெதுவாக, உள்ளே இருந்து ஒரு சத்தம் வந்து நீண்டது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தியேவிட்டேன். புடைத்துக்கொண்டிருந்த அம்மா, "ஒரு பலகைக்கு இவ்ளோ கும்மாளமா?" என்று சிரித்து, எங்களுக்கு மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துக் கொடுத்தார்.

அந்தப் பலகையை அத்தை தேய்த்த விதம்தான் நான் பார்த்த வேலைகளிலேயே பெரிய வேலை. அளவுகோல் வைக்கவில்லை. பின்னால் செல்போன் விளக்கைப் பிடிக்கச் சொல்வார். முதலில் ஒன்றும் தெரியாது. தேய்க்கத் தேய்க்க ஒரு நாள் மரத்துக்குள் லேசான சிவப்பு தெரிந்தது, விரலுக்குப் பின்னால் விளக்கை வைத்தால் தெரியுமே, அந்தச் சிவப்பு. "போதும்" என்றார். விசிறி மாதிரி குச்சிகளை ஒட்டினார். துளையை முன்னாலேயே போட்டு, நடுவில் மட்டும் ஒரு பொட்டு அளவு காகிதம் ஒட்டி மூடினார். பிறகு எல்லாம் முடித்து, "மேஸ்திரி, கண்ணத் தொறக்க ஆளு வேணும்" என்று உரக்கச் சொன்னார். மேஸ்திரி எழுந்து வந்தார். அந்தக் காகிதத்தைக் கிழித்தபோது அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். கிளிக்காகவா, வேறு எதற்காகவா, தெரியாது.

இப்போது எழுதப்போவதை எழுதும்போதே எனக்கு மூச்சு வாங்குகிறது.

கம்பி கட்டினோம். அத்தை ஸ்டூலில் உட்கார்ந்து, இடுப்பைத் தொடையில் வைத்தார். அது சரியாக உட்கார்ந்தது. பெருவிரலால் மேலிருந்து கீழே ஓர் இழுப்பு. பட்டறை முழுக்க நிரம்பிவிட்டது! ஓரத்தில் செய்து நிறுத்தியிருந்த யானை வாகனத்தின் காது அதிர்ந்ததாக ஒருவர் சத்தியம் செய்தீர்கள். அத்தை மறுபடி இழுத்தார். பிறகு அத்தை சிரித்தார், அழுதார், "அய்யோ பேசுது பாப்பா, பேசுது பாப்பா" என்று என் முதுகில் அடித்தார். அத்தைக்கு வாசிக்கத் தெரியாது. கோயில் ஃபாதர் சொல்லிக்கொடுத்த இரண்டு விரல்பிடிதான் தெரியும். அந்த இரண்டையே மாற்றி மாற்றி சாயங்காலம் வரைக்கும் வாசித்தார். உப்புத்தாள் தேய்த்துக் காய்த்துப்போன விரல்களுக்குக் கம்பி வலிக்கவே இல்லை. எனக்கு வலித்தது. வலிக்க வலிக்க வாசித்தேன்.

அன்று வாகனம் ஏற்ற அப்பா வண்டியோடு வந்திருந்தார். கயிற்றைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டார். ரொம்ப நேரம் கழித்து, "இது நம்ம தேவகி செஞ்சதா?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, கிதாரை விரலால் ஒரு தரம் தட்டிப் பார்த்தார். அப்புறம் ஊரெல்லாம் சொன்னார். லோடு இறக்குகிற இடத்திலெல்லாம், டீக்கடையிலெல்லாம், "எங்க தங்கச்சி கிதார் செஞ்சிக்குது, தெரியுமா?"

அதே அப்பாதான், அத்தையை வீட்டில் கிடத்தியிருந்தபோது, சுவரில் மாட்டியிருந்த கிதாரைப் பார்த்து, "இந்தப் பொட்டிதான் அவள தின்னுடுச்சி. இது இந்த வூட்ல இருக்கக் கூடாது" என்று கத்தினார். நான் பயந்து அதைப் பரணில் ஒளித்துவைத்தேன். நேற்று அவரே ஏறி எடுத்து, அத்தையின் பாய்க்குள் சுற்றிக் கட்டி வைத்தார்.

இதை எழுத உட்கார்ந்தபோது அப்பாமேல் எனக்குப் பயமும் கோபமும்தான் இருந்தது. எழுதி எழுதி இந்த இடத்துக்கு வந்த பிறகுதான் ஒன்று புரிகிறது. இரண்டாவது பலகைக்கும் அப்பாதான் வண்டியில் அழைத்துப்போவதாக இருந்தது. அன்று அவருக்கு உளுந்தூர்பேட்டைக்கு லோடு வந்துவிட்டது. "நீ ஸ்கூட்டில போய்ட்டு வாம்மா, மழ வரதுக்குள்ள திரும்பிடு" என்று அவர்தான் சொன்னார். நான் பக்கத்தில் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சை இதுவரை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அப்பாவும் எடுக்கவில்லை. அவர் கிதாரைத் திட்டுகிறார். வேறு யாரைத் திட்டுகிறார் என்று எனக்கு இப்போது தெரிகிறது.

அதனால் நான் மேலே கேட்டதை மாற்றிக்கொள்கிறேன். நீங்கள் ஆற்றங்கரைக்கு வாருங்கள், கண்டிப்பாக வாருங்கள், ஆனால் கிதாருக்காக அப்பாவிடம் வாதாட வேண்டாம். நாலு பேர் சுற்றி நின்று கேட்டால் அவர் இன்னும் பிடிவாதமாகத்தான் ஆவார். அவர் பக்கத்தில் நில்லுங்கள், போதும். அவரிடம் நான் பேசுகிறேன். "லோடு வந்துடுச்சின்னு நீங்க போனதால அத்தைக்கு இப்படி ஆகலப்பா" என்று யாராவது அவரிடம் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டியது பட்டறைக்காரர்கள் இல்லை.

அத்தையிடமிருந்து நான் எதை வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று எழுதித்தான் இதை முடிக்க வேண்டும். நாளைக்கு அது தண்ணீரோடு போனாலும் போகலாம். போனால் அழுவேன். அதன்பிறகு இன்னொன்று செய்வேன், ஏனென்றால் எவ்வளவு சிவப்புத் தெரிந்தால் போதும் என்று பார்த்தவள் நான். ஆனால் அத்தையிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த வேலை அல்ல. எல்லாரும் சேர்ந்து செய்து, அழகு என்று சொல்லி, முடிந்துபோனது என்று ஒதுக்கிவைத்த ஒன்றின்மேல், எல்லார் முன்னாலும் இழைப்புளியை வைத்தாரே, அந்தக் கை. அதைத்தான் வைத்துக்கொள்கிறேன். அந்தக் கை நடுங்கவில்லை என்று நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், நடுங்கியிருக்கும். நடுங்கிக்கொண்டேதான் தள்ளியிருப்பார்.

சற்று முன் பாயை அவிழ்த்துக் கிதாரை எடுத்துவந்தேன். மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கம்பியில் கை பட்டுவிட்டது. சின்னச் சத்தம்தான், ஆனால் வீடு அவ்வளவு அமைதியாக இருக்கிறது.

பக்கத்து அறையில் கட்டில் முனகுகிறது. நடந்து வருகிற சத்தம் கேட்கிறது.

அப்பா கதவைத் தட்டுகிறார். ஒரு தரம்தான், மெதுவாக. "பாப்பா" என்கிறார். கிதாரைப் போர்வைக்குள் தள்ளிவிட நேரம் இருக்கிறது. தள்ளப்போவதில்லை. "வரேன்பா" என்று சொல்லிவிட்டேன், எழுந்து கிதாரோடு கதவைத் திறக்கப்போகிறேன்.